பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு எல்லோரும் தவறாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. "பாஸ்வேர்டை எங்கேயும் எழுதி வைக்காதீர்கள், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்." நானும் பல ஆண்டுகளாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பாஸ்வேர்டை எழுதித்தான் வைக்க வேண்டும் என்பது இன்று என் கருத்து. சில வாசகர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். காரணத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் மனதை மாற்றியது நடுவட்டம். ஊட்டியிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில், மலைப்பாதை கீழே இறங்கத் தொடங்கும் இடத்தில் இருக்கும் தேயிலை ஊர். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் வாங்கித் தந்த லேப்டாப்பில் தன் பி.எஃப். கணக்கைப் பார்க்க வேண்டும் என்று என்னை அழைத்தார். தளத்தைத் திறந்தேன். யூசர் நேம் இடத்தில் யு.ஏ.என். எண்ணை டைப் செய்துவிட்டு, "பாஸ்வேர்ட் என்னங்க ஐயா?" என்று கேட்டேன்.

"அது நெட் சென்டர் தம்பிகிட்ட இருக்கு" என்றார்.

மெயில் முகவரியின் பாஸ்வேர்ட்? அதுவும் அந்தத் தம்பியிடம். பேத்திக்கு ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போட்ட கணக்கு? அதுவும் அவரிடம்தான். அந்தத் தம்பியோ கடையை மூடிவிட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டார். எப்படியோ எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவர் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: "எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் சார் வைப்பேன். பேரு, அப்புறம் அட் குறி, அப்புறம் ஒன்னு ரெண்டு மூணு. அவங்க மறந்துட்டா நான் சொல்லணும்ல?"

அந்த இளைஞரைக் குற்றம் சொல்ல முடியாது. நல்ல எண்ணத்தோடுதான் செய்திருக்கிறார். ஆனால் விளைவைப் பாருங்கள். அந்த லயன் வீடுகளில் ஒருவருடைய பெயர் தெரிந்தால் போதும், அவருடைய மெயிலைத் திறந்துவிடலாம். பி.எஃப். பணத்தை எடுக்க மொபைலுக்கு வரும் ஓ.டி.பி.யும் தேவை என்பது ஒரு சின்ன ஆறுதல். ஆனால் மெயில் ஒருவர் கைக்குப் போய்விட்டால், அதை வைத்து 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்ற பட்டனை அழுத்தி மற்ற பல கணக்குகளை ஒவ்வொன்றாகத் தன் வசமாக்கிக்கொள்ளலாம்.

அந்தப் பெரியவரின் குடும்பம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுதான் பின்னர் டான்டீ ஆனது. பேச்சுவாக்கில் அவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். அப்பாவின் பாஸ்போர்ட், குடும்ப அட்டை, வேலைக்குச் சேர்ந்த நாளின் தாள் என எல்லாம் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தன. கடல் கடந்து வந்த காகிதங்கள்! நடுவட்டத்து மழையிலும் ஈரத்திலும் ஒன்றுகூடக் கெடவில்லை.

எனக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. இத்தனை காகிதங்களை இவ்வளவு ஆண்டுகள் காப்பாற்றியவருக்கு, ஒரு பாஸ்வேர்ட் எழுதிய தாளைக் காப்பாற்றத் தெரியாதா? "எழுதாதீர்கள்" என்று நாம்தான் சொல்லிச் சொல்லி, அவர் பாஸ்வேர்டை அடுத்தவர் தலைக்குள் வைக்கும்படி செய்துவிட்டோம்.

விதி எங்கிருந்து வந்தது?

பாஸ்வேர்டின் கதை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்குகிறது. ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை ஃபெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரின் குழு உருவாக்கியது. ஒருவரின் ஃபைலை இன்னொருவர் பார்க்காமல் இருக்க ஆளுக்கொரு பாஸ்வேர்ட் தந்தார்கள். 1962-லேயே ஆலன் ஷெர் என்ற ஆய்வாளர், தனக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதவில்லை என்று, எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த ஃபைலை பிரின்ட் எடுத்துவிட்டார். பாஸ்வேர்ட் பிறந்ததும் திருட்டும் பிறந்தது.

1979-ல் யூனிக்ஸ் உலகின் ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் 3,289 பாஸ்வேர்ட்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 86 சதவீதம் மிகச் சிறியதாகவோ, அகராதிச் சொல்லாகவோ, எளிதில் ஊகிக்கக்கூடியதாகவோ இருந்தன. மனித இயல்பு அன்றும் இன்றும் ஒன்றுதான்.

பிறகு 2003-ல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் பில் பர் என்பவர் ஒரு வழிகாட்டிக் குறிப்பு எழுதினார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்திருக்க வேண்டும், அவ்வப்போது மாற்ற வேண்டும் என்ற பழக்கம் உலகெங்கும் பரவியதற்கு அந்தக் குறிப்பு முக்கியக் காரணம். 2017-ல் ஓய்வு பெற்ற நிலையில் அவரே, தான் சொன்னதில் பெரும்பகுதியை எண்ணி வருந்துவதாக ஒரு பத்திரிகைப் பேட்டியில் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டில் நிஸ்ட் தன் விதிகளையும் மாற்றியது. 2025-ல் வெளியான புதிய பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. எண்ணும் குறியீடும் கட்டாயம் என்று தளங்கள் கேட்கக் கூடாது. காரணமில்லாமல் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லக் கூடாது. பாஸ்வேர்ட் மட்டுமே பூட்டாக இருக்கும் இடத்தில் குறைந்தது 15 எழுத்துகள் இருக்க வேண்டும்.

ஏன் இந்த மாற்றம்? பெரிய எழுத்து கேட்டால் எல்லோரும் முதல் எழுத்தைப் பெரிதாக்குவார்கள். எண் கேட்டால் கடைசியில் 123 போடுவார்கள். குறியீடு கேட்டால் அட் குறி. மாதம் ஒருமுறை மாற்றச் சொன்னால் 123-ஐ 124 ஆக்குவார்கள். இது நமக்குத் தெரிந்த அளவு திருடனுக்கும் தெரியும். கோயம்புத்தூர் போன தம்பி செய்ததும் இதேதான்.

திருடன் எங்கே இருக்கிறான்?

எழுதி வைக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. உங்கள் வீட்டு அலமாரியைத் திறக்க, கூடலூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரும் திருடனுக்கு வேண்டியது நகையும் பணமும். நோட்டுப் புத்தகம் அல்ல. உங்கள் பாஸ்வேர்டை விரும்பும் திருடனோ எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. ஆனால் உங்களைப் போன்ற பல லட்சம் பேரின் பாஸ்வேர்ட் பட்டியல் அவனிடம் இருக்கிறது.

2009-ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்ட்கள் கசிந்தன. அந்த நிறுவனம் அவற்றை எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே சேமித்து வைத்திருந்தது. அதில் முதலிடம் பிடித்தது 123456. ஏறக்குறைய 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் அதையே வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியல் இன்றும் ஹேக்கர்களின் பாடப் புத்தகம்.

இன்னொன்று. 2012-ல் டிராப்பாக்ஸ் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரின் கணக்குக்குள் திருடர்கள் நுழைந்தார்கள். எப்படி? வேறொரு தளத்திலிருந்து கசிந்த அவருடைய பாஸ்வேர்டை இங்கேயும் போட்டுப் பார்த்தார்கள், திறந்துகொண்டது. அந்த ஆண்டு டிராப்பாக்ஸிலிருந்து களவு போன கணக்கு விவரங்கள் 6 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் என்பது 2016-ல்தான் வெளியே தெரிந்தது. கம்ப்யூட்டர் துறையில் வேலை செய்பவருக்கே இந்தக் கதி.

ஆகவே உண்மையான ஆபத்துகள் இரண்டு. ஒன்று, சின்ன பாஸ்வேர்ட். இரண்டு, ஒரே பாஸ்வேர்டைப் பல இடங்களில் வைப்பது. இந்த இரண்டையும் நாம் ஏன் செய்கிறோம்? மனதில் வைத்துக்கொள்ள வேண்டியிருப்பதால்தான்! எழுதி வைக்கலாம் என்று ஆகிவிட்டால் இரண்டும் தேவையில்லை. பாதுகாப்புத் துறையில் பெயர் பெற்ற ப்ரூஸ் ஷ்னையர் 2005-லேயே, பாஸ்வேர்டைத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். நாம்தான் கேட்கவில்லை.

நீளம்தான் பலம்

ஒரு சின்னக் கணக்கு. ஆங்கிலச் சின்ன எழுத்துகள் 26. எட்டு எழுத்து பாஸ்வேர்டில் ஏறத்தாழ 20,882 கோடி வகைகள் சாத்தியம். பெரிய எண்ணாகத் தெரிகிறதா? பொதுவாகத் தளங்கள் பாஸ்வேர்டை அப்படியே வைக்காமல் உருமாற்றி வைக்கின்றன. அந்த உருமாற்றம் பழைய, எளிய முறையில் இருந்து, பட்டியல் திருடன் கைக்குப் போய்விட்டால், கேம் விளையாடும் கம்ப்யூட்டரில் உள்ள கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றே ஒரு வினாடிக்கு 100 கோடி முறைக்கு மேல் ஊகித்துப் பார்க்கும். 100 கோடி என்றே வைத்துக்கொண்டாலும் 20,882 கோடியையும் முயன்று முடிக்க மூன்றரை நிமிடம். நீங்கள் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

இப்போது வேறு வழி. 1995-ல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் 'டைஸ்வேர்' என்ற முறையைச் சொன்னார். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து, பகடை உருட்டி, சம்பந்தமில்லாத சொற்களைத் தேர்ந்தெடுத்து வரிசையாகச் சேர்ப்பது. ஐந்து சொற்கள் சேர்த்தால், அதே வேகத்தில் எல்லாவற்றையும் முயன்று முடிக்க 900 ஆண்டுகள் ஆகும். மூன்றரை நிமிடம் எங்கே, 900 ஆண்டுகள் எங்கே!

நாம் இதைத் தமிழிலேயே செய்யலாம். வீட்டில் உள்ள தமிழ் அகராதியையோ, தடித்த புத்தகம் ஒன்றையோ எடுங்கள். கண்ணை மூடி ஒரு பக்கத்தைத் திறந்து, விரல் வைத்த இடத்தில் உள்ள சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து முறை இப்படிச் செய்யுங்கள். கம்பளி, ஏணி, மத்தளம், புளி, சன்னல் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். இவற்றை ஆங்கில எழுத்துகளில் இடைவெளி இல்லாமல் டைப் செய்தால் அதுவே பாஸ்வேர்ட். (இந்த ஐந்தையே வைத்துவிடாதீர்கள். இப்போது இது எல்லா வாசகர்களுக்கும் தெரியும்!)

சில எச்சரிக்கைகள். சொற்களை நீங்களே யோசித்து எடுக்காதீர்கள். நீங்கள் யோசித்தால் மகள் பெயரும் குலசாமி பெயரும் எஸ்டேட் பெயரும்தான் வரும். சினிமாப் பாட்டு, பழமொழி, திருக்குறள் வேண்டவே வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த வரி ரகசியம் ஆகாது. 'ழ', 'ள' போன்ற எழுத்துகளை ஆங்கிலத்தில் எப்படி எழுதினீர்கள் என்பதை அப்படியே நோட்டில் எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம் நீங்களே திணறுவீர்கள். எண்ணும் குறியீடும் வேண்டும் என்று அடம்பிடிக்கும் தளங்கள் இன்னும் நிறைய உள்ளன. அங்கே அவற்றைக் கடைசியில் சேர்த்துவிடுங்கள், போதும்.

தமிழ் எழுத்திலேயே பாஸ்வேர்ட் வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஆசை நல்லதுதான். ஆனால் பல தளங்கள் ஏற்பதில்லை. ஏற்றாலும், தமிழ் கீபோர்ட் இல்லாத இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிக்கொள்வீர்கள்.

நோட்டை எப்படி வைப்பது?

தனியாக ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். ஒரு கணக்குக்கு ஒரு பக்கம். தளத்தின் பெயர், யூசர் நேம், பாஸ்வேர்ட், கொடுத்த மொபைல் எண், தேதி ஆகியவற்றை எழுதுங்கள். மலைப் பகுதியில் இருப்பவர்கள் மை பேனாவில் எழுத வேண்டாம், ஈரத்தில் ஊறிவிடும். பால்பாயின்ட் பேனாவே நல்லது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, பத்திரங்களும் ரேஷன் கார்டும் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

நோட்டு யார் கண்ணிலாவது பட்டால்? அதற்கும் வழி உண்டு. எல்லா பாஸ்வேர்டிலும் கடைசியில் வரும்படி ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் நோட்டில் எழுதாதீர்கள். நோட்டைப் பார்ப்பவருக்குப் பூட்டு திறக்காது. அந்தச் சொல்லை மனைவியிடமோ கணவரிடமோ சொல்லி வையுங்கள். நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்தினர் கணக்குகளைத் தேடி அலையக் கூடாது.

செய்யக் கூடாதவையும் உண்டு. ஏ.டி.எம். பின் எண், யு.பி.ஐ. பின் எண் இரண்டையும் இந்த நோட்டில் எழுதாதீர்கள். அவை சிறியவை, மனதில் நிற்கும். நோட்டைப் போட்டோ எடுத்து மொபைலில் வைக்காதீர்கள். அந்தப் படம் உங்களுக்குத் தெரியாமலே இன்டர்நெட்டில் சேமிக்கப்படலாம். அலுவலகத்தில் மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைக்கும் பழக்கம் வேண்டாம். அங்கே வந்து போகிறவர்கள் பலர். நான் சொல்வது வீட்டுக்கு மட்டும். நோட்டு தொலைந்துவிட்டால் முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு மற்றவை.

ஐம்பது, அறுபது கணக்குகள் வைத்திருப்பவர்களுக்கு நோட்டு போதாது. அவர்கள் கீபாஸ் போன்ற இலவச பாஸ்வேர்ட் மேனேஜர் புரோகிராமைப் பயன்படுத்தலாம். எல்லாவற்றையும் ஒரே பூட்டிய ஃபைலில் வைத்து, ஒரே ஒரு பெரிய பாஸ்வேர்டால் திறப்பது இது. ஆனால் அந்தப் பெரிய பாஸ்வேர்ட் பலமாக இருக்க வேண்டும். 2022-ல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களே களவு போயின. அப்படிப்பட்ட நேரத்தில் காப்பாற்றுவது அந்த ஒரு பாஸ்வேர்டின் நீளம்தான். அதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

மூடுபனியும் ஓ.டி.பி.யும்

எவ்வளவு நல்ல பாஸ்வேர்டையும் போலித் தளத்தில் நாமே டைப் செய்து கொடுத்துவிட்டால் என்ன செய்வது? அதற்குத்தான் இரண்டாவது பூட்டு. குறைந்தது மெயிலுக்காவது இதை வைத்துவிடுங்கள். வழக்கமாக மொபைலுக்கு எஸ்.எம்.எஸ். மூலம் ஓ.டி.பி. வரும். ஆனால் நடுவட்டம் போன்ற இடங்களில் மழைக் காலத்தில் சிக்னல் போய்விட்டால், ஓ.டி.பி. வரும்போது அதன் நேரம் முடிந்திருக்கும்.

இதற்கு மாற்று, ஆதென்டிகேட்டர் ஆப். முதல்முறை இணைக்கும்போது தளமும் உங்கள் மொபைலும் ஒரு ரகசிய எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. அதன் பிறகு மொபைல் அந்த எண்ணையும் கடிகார நேரத்தையும் வைத்து 30 வினாடிக்கு ஒரு புதிய ஆறு இலக்க எண்ணைத் தானே கணக்கிட்டுக் காட்டும். சிக்னலே தேவையில்லை. நேரம் சரியாக இருந்தால் போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அந்த ஆறு எண்களைப் போனில் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. ஜிமெயிலில் 'பேக்கப் கோட்ஸ்' என்று பத்து எண்கள் கிடைக்கும். மொபைல் தொலைந்தால் உதவும் அவற்றை பிரின்ட் எடுத்து அதே நோட்டில் ஒட்டுங்கள்.

'பாஸ்கீ' என்ற புதிய முறையும் பரவி வருகிறது. கைரேகை அல்லது முகம் காட்டி நுழைவது. போலித் தளத்தில் அது வேலை செய்யாது என்பதால் நல்ல முறைதான். கிடைக்கும் இடத்தில் பயன்படுத்துங்கள். ஆனால் மொபைல் தொலைந்தால் பெரும்பாலும் மறுபடியும் மெயிலும் பாஸ்வேர்டும்தான் கை கொடுக்க வேண்டும்.

சாவி யாருடையது?

நடுவட்டத்தில் ஒரு பழைய சிறைச்சாலை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் மலாய் நாட்டுப் பகுதிகளிலிருந்து அனுப்பப்பட்ட சீனக் கைதிகளை இங்கே அடைத்து, அரசு சிங்கோனாத் தோட்டத்தில் வேலை வாங்கினார்கள். சிறைக்கும் பூட்டு உண்டு, வீட்டுக்கும் பூட்டு உண்டு. சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

நெட் சென்டர், இ-சேவை மையம் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்ணப்பம் போட வருபவருக்கு நீங்களே பாஸ்வேர்ட் வைக்காதீர்கள். அவரையே ஐந்து சொற்கள் சொல்லச் சொல்லி, ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். அடுத்தவரின் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கக்கூடிய குற்றம். உங்களிடம் நூறு பேரின் பாஸ்வேர்ட் இருந்தால், எங்கே என்ன நடந்தாலும் முதல் சந்தேகம் உங்கள் மேல்தான் வரும். பணம் போய்விட்டது என்று யாராவது வந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இதையே சொல்கிறேன். தாத்தா பாட்டிக்குக் கணக்கு தொடங்கித் தரும்போது பக்கத்தில் உட்காருங்கள். ஆனால் சொற்களை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும், அவர்கள் கையெழுத்தில் எழுதட்டும்.

அந்தப் பெரியவருக்கு அன்று மாலைக்குள் மெயில், பி.எஃப். இரண்டுக்கும் புதிய பாஸ்வேர்ட் வைத்தோம். பேத்தியின் தமிழ்ப் பாடப் புத்தகத்தைப் புரட்டி அவரே சொற்களை எடுத்தார். பள்ளி நோட்டில் மீதியிருந்த பக்கங்களில் நிதானமாக எழுதினார். மறுமுறை லாகின் செய்தபோது என்னை விலகி உட்காரச் சொன்னார். "நீங்களும் பாக்கக்கூடாதுல்ல தம்பி?" என்று சிரித்தார். நோட்டு அந்தத் தகரப் பெட்டிக்குள் போய்விட்டது.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் ஒரு நோட்டை எடுங்கள். முதலில் மெயில், அடுத்து வங்கி, அடுத்து பி.எஃப். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஐந்து சொற்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது.